சீசனுக்கு முன் மதுரையில் ஒரு வாரம்: மேடைக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேடைக்கு உடை தைப்பதும் ஒப்பனை செய்வதும் என் தொழில். தை மாதம் முடியும்போது, கோயில் விழாச் சீசனுக்கு முன், நாயகி வேடம் ஏற்கும் ஸ்திரீபார்ட் நடிகைகளும் நாடகத்தில் டான்ஸ் ஆடும் பெண்களும் கரகாட்டக் கலைஞர்களும் புதுத் தோற்றத்துக்காக மதுரைக்கு வந்து இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு முகம், ஆனால் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். புதிதாக வரும் தங்கைகளுக்கு ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

ஒரு வாரம் எதற்கு அக்கா? காலையில் வந்து வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிட முடியாதா?

வாங்குவதற்கு ஒரு நாள் போதும். தைப்பதற்குப் போதாது. மேடை உடையை ஒரு முறை அளவெடுத்துத் தைத்துவிட முடியாது. பாதி தைத்த நிலையில் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து எழுந்து, இழுக்கிற இடத்தைத் தளர்த்த வேண்டும். முடிக்குச் சாயம் போடுவதாக இருந்தால் அதற்கு முன் தோலில் சோதிக்க இரண்டு நாள் தேவை. முகத்துக்கு எதையாவது செய்துகொண்டால் அது அடங்க மேலும் சில நாள். இவை முடிந்த பிறகுதான் போட்டோ. ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வாரம் தானாக வந்துவிடும்.

மாசி சிவராத்திரிக்கு முன்பே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு கோயில் பொங்கல்கள் தொடங்கி, உங்களுக்கே இரவுகள் மிஞ்சாது. சித்திரை நெருங்கினால் தையல்காரர்களும் கிடைக்க மாட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக நேர்ந்துகொண்டு வேடம் தரிப்பவர்களின் உடைகள் அவர்கள் மேசையில் மலையாகக் குவிந்துவிடும்.

எங்கே இறங்குவது, எப்படிச் சுற்றுவது?

தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குவீர்கள். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மாட்டுத்தாவணி. இரண்டு இடத்திலிருந்தும் பெரியார் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் உண்டு. 2021 முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வாரம் முழுவதும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல ரவிக்கைத் துணி ஒன்று எடுத்துவிடலாம்.

கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். அங்கே நடப்பதுதான் வேகம். வழி தப்பினால் கோபுரத்தைப் பாருங்கள், எந்தத் திசையில் நிற்கிறோம் என்று புரிந்துவிடும். தங்குவதற்கு இரண்டு பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுங்கள். செலவும் பாதி, துணையும் உண்டு.

புதுமண்டபத்துத் தையல்காரர்களைத் தேடிப் போனேன், அங்கே யாரும் இல்லையே?

பழைய நினைவில் வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில் அப்படியே நிற்கிறது, கடைகள்தான் வெளியேறிவிட்டன. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலைச் சார்ந்த மண்டபங்களில் கடைகள் இருக்கக்கூடாது என்ற பேச்சு வலுத்தது. புதுமண்டபத்துக் கடைகளுக்குப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் புதுக் கட்டடம் எழுப்பி இடம் கொடுத்தார்கள். அங்கே போய் விசாரியுங்கள்.

தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் ஓடிய அந்த மண்டபத்தை எனக்கு மறக்க முடியவில்லை. ஆனாலும் கல்தூண்களின் சிற்பங்கள் துணி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்ததும் உண்மைதான்.

எந்தத் துணி எடுப்பது? சமிக்கி நிறைய இருந்தால்தான் மேடையில் எடுக்குமா?

விளக்குத்தூணைச் சுற்றியும் தெற்கு மாசி வீதியிலும் துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. கடைக்குள் கண்ணாடியின் முன் நின்று முடிவெடுக்காதீர்கள். உங்கள் உடையைப் பார்க்கப்போகிறவர் கோயில் திடலின் கடைசியில், பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. நேரம் இரவு இரண்டு மணி. அவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். துணியைக் கடைக்காரர் கையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய்ப் பாருங்கள். முடிந்தால் விளக்கு போட்ட பிறகு பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் சில உண்மைகள் தெரியும். இப்போது மேடைகளில் வெள்ளை எல்இடி விளக்குதான். கையில் அழகாக இருக்கும் அரக்கும் கருநீலமும் அந்த வெளிச்சத்தில் தள்ளி நின்றால் கறுப்பாகிவிடும். ராணி இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் ஆகியவை நிற்கும். தினைப்புனத்தில் பரண்மேல் நிற்கும் வள்ளிக்குப் பச்சை பொருந்தும். பின்னால் தொங்கும் திரை பச்சைக் காடாக இருந்தால் மட்டும் மஞ்சளுக்கு மாறிவிடுங்கள்.

சமிக்கி வேண்டும், ஆனால் இடம் அறிந்து. மார்பின் முன்பக்கம், பாவாடையின் கீழ்க்கரை, கையின் வெளிப்புறம் போதும். அக்குளிலும் கழுத்து விளிம்பிலும் இடுப்பு மடிப்பிலும் வைத்தால் விடிவதற்குள் தோல் உரிந்துவிடும். உள்ளே பருத்தி லைனிங் இல்லாமல் எதையும் தைக்கச் சம்மதிக்காதீர்கள். வியர்வையோடு ஆறேழு மணி நேரம் உங்கள் உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது மேலே மினுக்கும் துணியில்லை, அந்த லைனிங்தான்.

சுங்குடிச் சேலை எடுக்கலாமா? மதுரைக்கு வந்துவிட்டு எடுக்காமல் போக மனம் வரவில்லை.

கண்டிப்பாக எடுங்கள், உங்களுக்காக. சௌராஷ்டிர மக்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் இந்தச் சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோடைக்கு அதைப் போல் உடம்புக்கு இதமான சேலை வேறில்லை. மேடைக்கு மட்டும் வேண்டாம். அந்தச் சின்னப் புள்ளிகள் முன்வரிசையைத் தாண்டினால் கரைந்துவிடும். பயணத்துக்கும், உடை மாற்றுமிடத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும் கட்டிக்கொள்ளுங்கள்.

தோற்றத்தை முழுவதுமாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய ரசிகர்கள் ஏற்பார்களா?

ஸ்பெஷல் நாடகம் நடக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கோமாளியாக வரும் பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். எல்லாரும் சந்திப்பதே மேடையில்தான். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால்தான் இது நடக்கிறது. 1922-இல் மறைந்த ஒருவரின் எழுத்தை வைத்து இன்றும் முன்பின் ஒத்திகை பார்க்காதவர்கள் விடிய விடிய நடிக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அவர் 1918-இல் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை தொடங்கியது இதே மதுரையில்தான்.

இந்த முறையில் உங்களை ஊருக்கு முன்கூட்டி அறிமுகப்படுத்துவது நோட்டீஸில் இருக்கும் படம் ஒன்றுதான். ஆகவே ஒரு சீசனுக்கு ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். முடி அலங்காரமோ, நிறங்களோ, நகைகளோ, எதுவானாலும் ஒன்று. மூன்றையும் மாற்றினால் போன வருடம் உங்கள் பாட்டுக்காக அழுதவர்கள்கூட வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இன்னொன்று. எதிரே வரும் ராஜபார்ட் என்ன நிறத்தில் வருவார் என்று உங்களுக்குத் தெரியாது. அவரும் நீங்களும் ஒரே மஞ்சளில் நின்றால் பார்க்க நன்றாக இராது. இரண்டு நிறங்களில் தைத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடியைத் தோள்வரை வெட்டி, நிறம் ஏற்றி, நேராக்கிக்கொள்ள ஆசை. செய்யலாமா?

வெட்டலாம், ஆனால் சவுரி கட்டப் பிடிமானம் வேண்டும். பின்கழுத்தில் கொண்டை முடியும் அளவுக்காவது நீளம் விடச் சொல்லுங்கள். நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் கனமானவை, குட்டை முடியில் நழுவும்.

சாயத்தில் எனக்குப் பயம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். கருஞ்சாயங்கள் பலவற்றில் இருக்கும் பாராபெனிலீன்டையமின் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாது. முகமே வீங்கிவிடும். போன வருடம் ஒன்றும் செய்யாத சாயம் இந்த வருடம் செய்யலாம். மதுரையில் இறங்கிய முதல் நாளே காதுக்குப் பின்னால் சிறிது தடவி, நாற்பத்தெட்டு மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

கரகம் எடுப்பவர்கள் முடியை நேராக்குவதற்கு முன் யோசியுங்கள். வழுவழுப்பான முடியில் கரகச் செம்பு நிற்காது. உச்சந்தலையில் அழுந்தி நிற்கும் அந்தப் பிடிப்பு உங்கள் பிழைப்பு. சீசன் முடிந்து ஆவணியில் செய்துகொள்ளுங்கள்.

பிளீச், ஃபேஷியல் எல்லாம் எப்போது செய்வது? கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தால் புக்கிங் கூடும் என்கிறார்களே?

புருவம் திருத்துவதும் முகத்தைச் சுத்தம் செய்வதும் வாரத்தின் தொடக்கத்தில் முடியட்டும். செய்த அன்றே சித்திரை வெயிலைப் போன்ற வெயிலில் அலையாதீர்கள், பான்கேக் என்ற மேடை ஒப்பனைப் பூச்சும் போடாதீர்கள்.

வெளுப்பு பற்றிக் கேட்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் யாருக்கும் நான் அவர்களுடைய நிறத்தைவிட வெளுப்பான ஒப்பனை போடுவதில்லை. முகம் ஒரு நிறமும் கழுத்தும் கையும் வேறு நிறமுமாக, வெள்ளை வெளிச்சத்தில் சாம்பல் பூசியது போலத் தெரியும். கறுத்த முகத்தில் கண்ணை எடுப்பாக எழுதினால், கடைசி வரிசைவரை அந்தக் கண் பேசும். வெளுப்பான பெண்தான் வேண்டும் என்று கேட்கும் விழாக் கமிட்டிகள் இருக்கின்றன. அதே கமிட்டிகள் உங்கள் குரலைக் கேட்டபின் அடுத்த வருடமும் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைகளில் பெயரில்லாத டப்பாவில் விற்கும் வெளுப்புக் களிம்புகளைத் தொடவே தொடாதீர்கள். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் இருக்கின்றன. தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும்.

அந்தக் காலத்து அரிதாரம்தான் விடியும்வரை நிற்குமாமே? இப்போது கிடைக்குமா?

தேடாதீர்கள். அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல். அந்தக் காலத்தவர் அதன் கேடு தெரியாமல் முகத்தில் பூசினார்கள், வேறு வழியும் இல்லை. இன்று நல்ல பான்கேக் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? விடியும்வரை நிற்க வேண்டுமானால் முதலில் முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, மெல்லிய பூச்சாகப் பூசி, பவுடர் ஒற்றி, அதன்மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. கலைக்கும்போது தேங்காய் எண்ணெய். சோப்பைப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

ஒட்டும் பொட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில பொட்டுகளின் பசை, தினமும் அதே இடத்தில் ஒட்டினால் நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். மேடையில் பொட்டை வரைந்துகொள்ளுங்கள். தூரத்துக்கும் அதுதான் தெளிவு.

போட்டோவை எந்த நாளில் எடுப்பது?

வாரத்தின் கடைசியில், உடை முழுதாகத் தைத்து வந்தபிறகு. சாயம், புருவம் எல்லாம் அடங்கியிருக்கும். வாடகை உடையில் எடுத்துவிட்டு மேடைக்கு வேறொன்றில் போகாதீர்கள், ஊரார் கேட்பார்கள். நோட்டீஸில் உங்கள் படம் சின்னதாகத்தான் வரும் என்பதால் முகமும் தோளும் நிறையும்படி ஒன்று, முழு உருவமாக ஒன்று போதும். படத்தை அளவுக்கு மீறி மெருகேற்ற வேண்டாம் என்று ஸ்டூடியோவில் சொல்லிவிடுங்கள்.

தையல் நடக்கும் நேரத்தில் சும்மா அறையில் கிடக்கிறோம். எங்கே போகலாம்?

அறையில் கிடக்காதீர்கள்! வருடம் முழுவதும் ஊர் ஊராகப் போகிறீர்கள், ஆனால் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறீர்கள். பகலில் ஓர் ஊரை நிதானமாகப் பார்க்கக் கிடைப்பது இந்த வாரம்தான்.

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாள் இல்லையென்றால் விலை சற்றுக் குறையும். மீனாட்சியைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மதியம் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும், கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வெயில் ஏறியதும் புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மாலையில் நாயக்கர் மஹால் தூண்களுக்கிடையே ஒரு நடை, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. வேறொரு நாள் மாலை வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். காற்று வரும், பிள்ளைகள் ஓடுவார்கள், யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

மேலமாசி வீதியில் நடக்கும்போது, இன்று கதர்க்கடை இருக்கும் அந்த மாடி வீட்டை நிமிர்ந்து பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலாடையை விட்டு அரைவேட்டிக்கு மாறியது அங்கேதான். உடையை மாற்றுவது என்றால் எவ்வளவு பெரிய முடிவாக இருக்க முடியும் என்பதை மதுரை பார்த்திருக்கிறது. அவர் அணிந்த வேட்டி ஒன்றை, ரத்தக் கறையோடு, தமுக்கம் அருகே காந்தி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் கட்டடம் ராணி மங்கம்மாளின் அரண்மனை.

கடைவீதியில் யாராவது அடையாளம் கண்டு, மேடையில் ஆடுகிறவள்தானே என்று கேலி பேசினால்?

இந்தக் கேள்வியைக் குரல் தாழ்த்தித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். குரலைத் தாழ்த்த உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆமாம், மேடையில் ஆடுகிறேன், பாடுகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் எந்த ஊரில் பார்த்தோம் என்று சொல்லத்தான் வருவார்கள். அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். எல்லை மீறிப் பேசுகிறவனிடம் வாதம் வேண்டாம். கடைக்குள் போய் நில்லுங்கள், தேவையென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கரகாட்டத்துக்கு உடை குட்டையாக இருக்க வேண்டும் என்று விழாக் கமிட்டியே கேட்கிறது. மறுத்தால் வாய்ப்புப் போய்விடும். என்ன செய்வது?

இதற்கு லேசான பதில் இல்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே போட்டோவைக் காட்டி, இந்த உடைதான் என்று சொல்லிவிடுங்கள். போட்டோவைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் உதவும். படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டவர்கள் மேடையேறும் நேரத்தில் மாற்றிப் பேசுவது கடினம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆடல்பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது ஆபாச உடையும் இரட்டை அர்த்தப் பேச்சும் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறது. போலீஸ் அனுமதியிலும் அது வரும். மீறினால் வழக்கு கமிட்டியின் பெயரிலும் பாயும் என்று அவர்களிடம் பணிவாக நினைவூட்டுங்கள்.

உடையில் ஒரு வழியும் உண்டு. முழங்கால்வரை பாவாடை, அதன்கீழ் தோல் நிறத்தில் இல்லாமல் உடையின் நிறத்திலேயே இறுக்கமான கால்சட்டை. சுழலும்போது பாவாடை விரிவது அழகாகத் தெரியும், உங்களுக்கும் மனம் கூசாது. மறுத்ததால் போகும் வாய்ப்பும் உண்டு, அது உண்மை. அப்படிப் போன தங்கைகளுக்கு வேறு ஏஜெண்டைச் சொல்லிவிடுவது எங்களைப் போன்றவர்களின் கடமை. கேளுங்கள், சொல்கிறோம்.

கையில் பணம் குறைவு. எதை விடலாம்?

கிரீடத்தையும் கல் நகைகளையும் விடலாம். பழையதில் உதிர்ந்த கல்லை ஒட்டிக்கொண்டாலே புதிதாகிவிடும். இரண்டாவது உடையை வாடகைக்கு எடுக்கலாம். விடக்கூடாதவை தோலைத் தொடுகிறவை: லைனிங், ஒப்பனைப் பொருள், சலங்கையின் கீழ் வைக்கும் பட்டை. வரப்போகும் சீசனை நம்பி வட்டிக்கு வாங்கிப் பட்டு எடுக்காதீர்கள். ஒரு மழையில் இரண்டு நாடகம் நின்றுபோனால் வட்டி மட்டும் நிற்காது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யவில்லையென்றால், போட்டோ எடுக்கும்போதே அதற்கும் சேர்த்து ஒப்பனையில்லாத முகத்தோடு சில பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தது, உடையும் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பலாமா?

ஓர் இரவு பொறுங்கள். அறையில் முழு உடையும் நகையும் சவுரியும் போட்டு, சாப்பிட்டு, உட்கார்ந்து, படியேறி இறங்கி, ஒரு பாட்டு முழுவதும் ஆடிப் பாருங்கள். குத்துகிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, காலையில் கடை திறந்ததும் தையல்காரரிடம் கொடுத்து, சரிசெய்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.